பசியால் கரையேறும் கடற்சிங்கக் குட்டிகள்

யாத்திரைக் காலத்திலே அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்று, இரவெல்லாம் படியேறி, சிவனொளிபாத மலையின் உச்சியிற் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்போர் அனைவரும் கிழக்கு நோக்கியே காத்திருப்பர். கதிரவன் எழுந்ததும் மறுபக்கம் திரும்பினால், மலையின் முக்கோண நிழல் மேற்கே நெடுந்தூரம் படிந்திருப்பதைக் காணலாம். வானம் தெளிந்திருக்கும் நாளில், அந்நிழலுக்கும் அப்பால், அடிவானத்தில் மங்கலாக ஒரு கோடு தென்படும். அதுவே கடல். எம் மலைநாட்டு மக்களிற் பலர் கடலைக் கண்டிருப்பது அவ்வளவுதான்.

கடலுக்கும் எமக்கும் என்ன உறவு என்று கேட்போர் உளர். மலைக்கு வரும் மழை கடலிலிருந்து வருகின்றது என்பதைப் பாடசாலைப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அக்கடல் எப்பொழுதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. சில ஆண்டுகளில் அதற்குக் காய்ச்சல் காண்பதுண்டு. அந்தக் காய்ச்சலை மனிதர் கருவிகளைக்கொண்டு அளப்பதற்கு முன்னரே, தம் பட்டினியால் ஊரறியச் செய்துவிடும் பிராணிகள் சில உள்ளன. கடற்சிங்கமும் கடல்நாயும் அவற்றுள் முதன்மையானவை.

பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். எமது ஆறுகளில் மீன் பிடித்துத் திரியும் நீர்நாய் வேறு, இது வேறு. கடல்நாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காதுமடல் இல்லை. தரையில் அது வயிற்றால் உந்தி உந்தியே நகரும். கடற்சிங்கத்துக்குச் சிறிய காதுமடல் உண்டு. துடுப்புப் போன்ற கால்களை மடித்து ஊன்றி நடக்கவும் வல்லது. சர்க்கஸ் கூடாரங்களில் மூக்கின் மேல் பந்தை நிறுத்தி வித்தை காட்டிய பிராணி பெரும்பாலும் கலிபோர்னியக் கடற்சிங்கமே. இரண்டும் மீனுண்டு வாழ்பவை. இரண்டும் காற்றைச் சுவாசிப்பவை. இரண்டும் குட்டியீன்று பாலூட்டுபவை. இந்தக் கடைசிக் குணத்திலேதான் அவற்றின் துன்பம் தொடங்குகின்றது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், தென் கலிபோர்னியாவுக்கு அப்பால், சானல் தீவுகள் என்னும் தீவுக் கூட்டம் இருக்கின்றது. அவற்றுள் ஒன்றான சான் மிகேல் தீவு கடற்சிங்கங்களின் பெரிய பிரசவ வீடு. ஜூன் மாதமளவில் அங்கே ஆயிரக்கணக்கான குட்டிகள் பிறக்கின்றன. ஈன்ற தாய் ஏறக்குறைய ஒரு வாரம் குட்டியை விட்டு அகலாது. பின்னர் பசி பொறுக்கமாட்டாமல் கடலுக்குச் செல்லும். இரண்டு நாளோ, மூன்று நாளோ, சிலவேளை ஐந்து நாளோ மத்தி, நெத்தலி, கணவாய் ஆகியவற்றைத் தேடியுண்டு, மடி நிறைந்து கரைக்கு மீளும். அத்தனை குட்டிகள் கத்தும் கரையிலே, தன் குட்டியின் குரலைக் கேட்டு, அருகிற் சென்று முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டே பாலூட்டும். ஓரிரு நாள் தங்கிவிட்டு மறுபடியும் கடலுக்குப் போகும். ஏறக்குறைய பதினொரு மாதங்கள் இவ்வாறே கழியும்.

இதனை வாசிக்கும் எம் தோட்டத்துத் தாய்மாருக்கு விளக்கம் வேண்டியதில்லை. விடியலிற் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, கூடையுடன் மலையேறி, இடையிலே பாலூட்டுவதற்காக இறங்கி ஓடிவந்து, திரும்பவும் ஏறிச் சென்றவர்கள் அவர்கள். கொழுந்து பக்கத்து மலையில் இருந்தால் விரைவில் வந்துவிடலாம். தூரத்து மலையாயின் பிள்ளை அழுதுகொண்டிருக்கும். கடற்சிங்கத் தாயின் கணக்கும் இதுவே. மீன் அருகில் இருந்தால் குட்டி கொழுக்கும். மீன் விலகிப் போனால் குட்டி மெலியும்.

மீன் ஏன் விலகிப் போகின்றது? கலிபோர்னியக் கரையோரமாக வடமேற்குக் காற்று வீசும்போது மேற்பரப்பு நீர் கரையை விட்டு வெளியே தள்ளப்படுகின்றது. அந்த இடத்தை நிரப்புவதற்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. அந்நீரிலே, கடலடியிற் படிந்து மக்கிய சத்துக்களெல்லாம் கரைந்துள்ளன. தேயிலைத் தூருக்கு உரமிட்டதும் கொழுந்து வெடிப்பதைப் போல, அச்சத்து மேலே வந்ததும் கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றை உண்டு சிறு உயிர்களும், அவற்றை உண்டு மத்தியும் நெத்தலியும் பெருகுகின்றன. காற்றே அக்கடலுக்கு உரமிடும் உழவன்.

சில ஆண்டுகளில் இந்த ஒழுங்கு குலைகின்றது. பசிபிக் சமுத்திரத்தின் நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வியாபாரக் காற்று தளர்ந்துவிட்டால், இந்தோனேசியாவின் பக்கம் குவிந்திருந்த வெந்நீர் கிழக்கு நோக்கிப் பரந்து, தென் அமெரிக்கக் கரையை எட்டுகின்றது. அங்கிருந்து வடக்கே கலிபோர்னியா வரையிலும் அதன் சாயல் தெரியும். வெப்ப நீர் இலேசானது. குளிர்ந்த நீரின் மேல் மூடியிட்டாற்போல் மிதந்துகொண்டு, அடியிலுள்ள சத்து மேலே வராமற் செய்துவிடும். பெரு நாட்டு மீனவர்கள் இந்த வெந்நீர் நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் வருவதைக் கண்டு, குழந்தை யேசுவை நினைந்து, 'எல் நினோ' என்று பெயரிட்டனர். பெயர் என்னவோ குழந்தையின் பெயர்தான். ஆனால் குழந்தைகளைக் கொல்வதில் அதற்கு நிகர் வேறில்லை.

1982–83 ஆம் ஆண்டுகளில் வந்த எல் நினோவின்போது, நடுக்கோட்டிலுள்ள கலாபகசுத் தீவுகளிலே, 1982 இற் பிறந்த மென்மயிர்க் கடல்நாய்க் குட்டிகளில் ஏறக்குறைய ஒன்றேனும் தப்பவில்லை. தாய்மார் நெடுநாள் கடலில் அலைந்து வெறும் மடியுடன் திரும்பினர், அல்லது திரும்பவேயில்லை. 1997–98 இல் அதே கதை பெருவின் கரையில் நிகழ்ந்தது.

கலிபோர்னியாவில் அண்மையில் நிகழ்ந்ததையோ உலகம் முழுவதும் படம் பிடித்துப் பார்த்தது. 2013 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெலிந்த குட்டிகள் கூட்டங் கூட்டமாகக் கரையில் ஒதுங்கலாயின. அதனை அமெரிக்க அரசு அசாதாரண மரண நிகழ்வு என்று பிரகடனஞ் செய்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே அலாஸ்கா வளைகுடாவில் ஒரு பெரும் வெந்நீர்த் திட்டு தோன்றிற்று. 2014 இல் அது தெற்கே பரந்து மெக்சிக்கோவின் கரை வரை நீண்டது. சில இடங்களில் நீர் வழமையை விட இரண்டு பாகைக்கு மேல் சூடேறியிருந்தது. ஆய்வாளர் அதற்கு 'புளொப்' என்று பெயர் சூட்டினர். உருவமற்ற திரள் என்பது அதன் பொருள். அது அடங்கு முன்னரே 2015–16 இன் எல் நினோவும் வந்து சேர்ந்தது. 2015 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் கலிபோர்னியக் கரையில் ஒதுங்கின.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜூனிற் பிறந்த குட்டி பால் மறப்பது அடுத்த ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில். ஆனால் அக்குட்டிகள் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கரையொதுங்கின. அதாவது, தாய் வரும் என்று காத்திருந்து சலித்து, நீந்தவோ மீன் பிடிக்கவோ சரியாகப் பழகாத பருவத்திலேயே, தீவை விட்டுத் தாமே புறப்பட்டுவிட்டன. எட்டு மாதக் குட்டிகள் சில, பிறந்தபோது இருந்த எடையினும் சிறிதே கூடியிருந்தன. தோல் மடிப்பு விழுந்து எலும்பு துருத்திய அக்குட்டிகள் வீதியோரங்களிலும், வீட்டு முற்றங்களிலும், படகுகளின் மேலும் படுத்துக் கிடந்தன. தாய் குட்டியைக் கைவிட்டது என்று சிலர் எழுதினர். எமக்கு அது நியாயமாகப் படவில்லை. தூரத்துக் கடலில் ஒன்றுக்கு இரண்டாக நாட்களைச் செலவிட்டு இரை தேடிய தாயைக் கைவிட்டவள் என்று எவ்வாறு சொல்வது?

பசி ஒன்றே காரணமன்று, நஞ்சும் உண்டு. வெப்பமான நீரில் ஒருவகை நுண்பாசி மிகுந்து பெருகி, டொமொயிக் அமிலம் என்னும் நஞ்சைச் சுரக்கின்றது. நெத்தலி அப்பாசியை உண்ணும். நெத்தலிக்கு ஒன்றும் நேராது. அந்த நெத்தலியை உண்ட கடற்சிங்கத்துக்கு மூளை கலங்கி, தலை ஆடி, வலிப்பு வந்துவிடும். 1998 ஆம் ஆண்டின் மே, ஜூன் மாதங்களில் கலிபோர்னியாவின் மொன்டரே குடாவை அண்டிய கரையில் நானூறுக்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் இவ்வாறு மாண்டன. 2015 இலும் 2023 இலும் இந்நஞ்சு மீண்டும் தலைகாட்டிற்று. வடதுருவப் பக்கத்துக் கடல்நாய்களின் துன்பமோ வேறு விதமானது. அவை பனிப்பாளத்தின் மேலேயே குட்டி ஈனும். கனடாவின் சென் லோரன்ஸ் வளைகுடாவிற் பனி குறைந்த ஆண்டுகளில், தொட்டிலே உருகிப் போனாற்போல் குட்டிகள் நீரில் விழுந்து மடிகின்றன.

இவை பற்றிய கணக்குகளை அமெரிக்க ஆய்வாளர் ஒழுங்காக எழுதி வருகின்றனர். வேட்டையால் அருகியிருந்த கடற்சிங்கங்கள், 1972 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் பெருகி, 2012 இல் ஏறக்குறைய 3,06,000 ஆகியிருந்தன. இரண்டே ஆண்டுகளில், 2014 இல், அத்தொகை 2,58,000 அளவுக்கு இறங்கிற்று. சட்டம் மாறவில்லை, வேட்டைக்காரன் திரும்பி வரவில்லை, நீர் சூடேறியது, அவ்வளவே.

எமது கடலில் இத்தகைய பிராணிகள் குடியிருப்பதில்லை. 2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தென் துருவப் பக்கத்து யானைக்கடல்நாய் ஒன்று வழி தவறி இலங்கையின் தென்கரைக்கு வந்தபோது, அது பெரும் புதுமையாகவே பேசப்பட்டது. கரையொதுங்கும் துயரம் எமக்குத் தெரிந்திருப்பது திமிங்கிலங்களின் வாயிலாகத்தான். 2020 நவம்பர் 2 ஆம் திகதி பாணந்துறைக் கரையில் நூறுக்கும் மேற்பட்ட குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும், கரையோரக் காவற்படையினரும், அவ்வூர் வாலிபர்களும், ஊரடங்கையும் தொற்று நோய் அச்சத்தையும் பொருட்படுத்தாது இரவு முழுவதும் நீரில் நின்று அவற்றைத் திருப்பித் தள்ளினர். மறுநாட் காலையில் மாண்டவை ஒரு சிலவே. தமிழகத்தில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரைகளில் 1973 ஜனவரியிலும் 2016 ஜனவரியிலும் அதே இனத் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது அவ்வளவு நற்பேறு வாய்க்கவில்லை. ஆயினும், திமிங்கிலம் கரையொதுங்குவதற்குத் தலைவனைப் பின்தொடர்தல், நோய், ஆழமற்ற கரையில் வழி மயங்குதல் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. எல்லாவற்றையும் கடற்சூட்டின் தலையில் கட்டிவிடலாகாது. கடற்சிங்கத்தின் பசிக்கும் நீரின் சூட்டுக்கும் உள்ள தொடர்பு போல் அது நேரானதன்று.

இனி, இக்கதையிலே வாசகர் பலரும் எதிர்பாராத ஒரு திருப்பத்துக்கு வருவோம். கலிபோர்னியக் குட்டியைப் பட்டினி போடும் எல் நினோவின் மூலத்தைத் தேடியவர்களுள் முதலில் நிற்பவர் கடல் ஆய்வாளருமல்லர், பசிபிக் கரையினருமல்லர். அவர் இந்தியாவில் மழையை எண்ணிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயக் கணித நிபுணர். கில்பர்ட் வாக்கர் என்னும் அவர் 1904 இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பதவியை ஏற்றார். பருவமழை பொய்க்கும் ஆண்டை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்பதே அவர் முன் இருந்த கேள்வி. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, பசிபிக்கின் ஒரு புறம் அழுத்தம் உயர்ந்தால் இந்து சமுத்திரப் புறம் தாழ்வதும், அது தாழ்ந்தால் இது உயர்வதுமாகத் தராசுத் தட்டுகள் போல் அசைவதை அவர் கண்டார். அந்தத் தராசும் எல் நினோ வெந்நீரும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்பதை 1969 இல் ஜேக்கப் பியெர்க்னஸ் என்னும் நோர்வே நாட்டறிஞர் விளக்கினார். அப்போது அவர் பணியாற்றியது கலிபோர்னியாவிலே.

வாக்கரை அக்கேள்விக்கு உந்தியவை இந்தியாவின் பெரும் பஞ்சங்கள். அவற்றுட் கொடியதை எம் பாட்டன் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லிப் பெருமூச்செறிவர். 1876 இல் மழை பொய்த்துத் தொடங்கிய அவ்வரட்சியை, 1877 இல் எழுந்த எல் நினோ பெரும் பஞ்சமாக்கிற்று. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் அறியப்பட்ட மிக வலிய எல் நினோக்களுள் அதுவும் ஒன்று என்று இன்றைய ஆய்வாளர் கணித்துள்ளனர். சென்னை மாகாணம் உட்பட இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பர். களஞ்சியங்களிற் கிடந்த தானியம் கப்பலேறிப் போக விட்ட அரசின் கொள்கையும் அச்சாவுகளுக்குப் பொறுப்பு. கடல் தனித்துக் கொலை செய்யவில்லை.

அந்நாட்களில், இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாய் மாத்தளைக்கு வந்து, கோப்பித் தோட்டங்களுக்கு ஏறியவர் கூட்டம் பெருகிற்று. மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடையே, தண்ணீரின்றியும் பேதி கண்டும், வழியிலேயே விழுந்தவர் எத்தனையோ பேர். மலையில் எஞ்சியவர்களின் சந்ததியே நாம். மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. அப்படி எவரேனும் ஒப்பிட்டால் முதலிற் சினங்கொள்பவரும் நாமே. ஆயினும் சான் மிகேல் தீவை விட்டுக் காலத்துக்கு முன் புறப்படும் அந்த மெலிந்த குட்டியின் படத்தைக் கண்டபோது, அதன் பசிக்கும் எம் முன்னோரின் பசிக்கும் பிறப்பிடம் ஒரே வெந்நீர்தான் என்ற எண்ணம் எழாமற் போகவில்லை.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கடல் மட்டும் தன் பழக்கத்தை விடவில்லை. எல் நினோ ஆண்டுகளிலே இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வழமையினும் கூடுதலாகப் பெய்வதும், அதன் பின் ஜனவரி முதல் மார்ச்சு வரை வரட்சி மிகுவதும் ஆய்வாளர் கண்ட போக்கு. ஆண்டுதோறும் தப்பாது அவ்வாறே நிகழும் என்பதற்கில்லை. இந்து சமுத்திரத்துக்கும் இதுபோன்ற ஓர் ஊசலாட்டம் உண்டென்பதை, சாஜி என்னும் ஆய்வாளரும் அவருடைய துணைவரும் 1999 இல் உலகுக்கு அறிவித்தனர். ஆபிரிக்கப் பக்கம் நீர் சூடேறி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தால் எமக்கு ஆண்டிறுதி மழை மிகும், மாறினால் குறையும். 2016 இன் பிற்பகுதியில் அது மாறியே நின்றது. அதனைத் தொடர்ந்த வரட்சி நாட்டையே வாட்டிற்று.

1991 இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 24 கோடி கிலோவுக்குச் சற்று அதிகமாயிருந்தது. எல் நினோவோடு வரட்சியும் வந்த 1992 இல் அது 18 கோடி கிலோவையும் எட்டவில்லை. 2015 இல் ஏறக்குறைய 32 கோடி 90 இலட்சம் கிலோவாயிருந்தது, 2016 இல் 29 கோடி 20 இலட்சம் கிலோ அளவுக்கு இறங்கியது. இதில் களைகொல்லித் தடையின் பங்கும் உண்டென்று தோட்டத் துறையினர் வாதித்தனர். கணக்குப் புத்தகத்தில் இவை கோடிகள். லயத்திலோ இதன் பெயர் அரைப்பேர். வெயிலிற் காய்ந்த மலையில் நாள் முழுவதும் நின்றாலும் கொழுந்து நிறைக்குத் தேறாது. நிறை தேறாவிட்டால் முழுப்பேர் விழாது. தூரத்துக் கடலில் மீனைத் தேடியலையும் தாயைப் போல், இன்னுமொரு நிரை, இன்னுமொரு நிரை என்று பொழுதடையும் வரை நிற்பவர்களை நாம் கண்டிருக்கின்றோம்.

கலிபோர்னியாவில் அக்குட்டிகளுக்கென நிலையங்கள் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில், சோசலிட்டோ என்னும் ஊரில் 1975 இல் தொடங்கப்பட்ட கடல்வாழ் பாலூட்டிகள் நிலையம் அவற்றுட் பெயர் பெற்றது. தொண்டர்கள் கரையிலிருந்து குட்டியைக் கூடையில் எடுத்து வந்து, முதலில் மீன் கூழைக் குழாய் மூலம் ஊட்டி, பின் முழு மீனைத் தின்னப் பழக்கி, எடை தேறியதும் அடையாள வில்லை ஒன்றை இட்டுக் கடலில் விடுகின்றனர். எல்லாக் குட்டிகளும் பிழைப்பதில்லை. பசிபிக்கில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்ட மிதவைகள் இன்று நீரின் சூட்டை நாள்தோறும் அறிவிக்கின்றன. எல் நினோ வருவது பல மாதங்களுக்கு முன்னரே தெரிந்துவிடுகின்றது. அந்தச் செய்தி எமது வானிலை அவதான நிலையத்துக்கும் வருகின்றது; பத்திரிகையிலும் ஒரு மூலையில் வெளியாகின்றது. பெரட்டுக் களத்தில் அதனை வாசித்துக் காட்டுவோர் உண்டோ?

அந்த அசாதாரண மரணக் காலம் 2016 செப்டெம்பருடன் முடிவுற்றதாகக் கணக்கிட்டனர். நீர் குளிர்ந்தது, நெத்தலி திரும்பிற்று. சான் மிகேல் தீவிலே தாய்மார் மறுபடியும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கரையேறி, குரல் கொடுத்து, மறுகுரல் வந்த பக்கம் நடக்கலாயினர்.